தீவு விடுதிகளில் மின்செலவைக் குறைத்துச் சூரிய மின்சாரத்துக்கு மாறுவது எப்படி: அளவீடு முதல் பராமரிப்பு வரை

தீவில் இயங்கும் விடுதி ஒன்று தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் டீசலாகத்தான் படகில் இறக்குகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அடங்கியிருந்தாலும், நன்கு பராமரிக்கப்பட்ட ஜெனரேட்டர்கூட அதிலிருந்து 3 முதல் 4 யூனிட் வரைதான் எடுத்துத் தருகிறது. எஞ்சியது சூடான புகையாகவும் ரேடியேட்டர் வெப்பமாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே விளக்கிலோ குளிரூட்டியிலோ ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால், கடல் கடந்து வந்த எரிபொருளில் மூன்று யூனிட் அளவு மிச்சமாகிறது என்று கொள்ளலாம்.

இதனாலேயே இந்த வழிகாட்டி சூரியத் தகடுகளில் தொடங்கவில்லை. பல விடுதிகள் முதலில் கூரை முழுவதும் தகடுகளைப் பதித்துவிட்டு, பிறகுதான் அந்த மின்சாரம் எங்கே போகிறது என்று தேடுகின்றன. அளப்பது, குறைப்பது, பயன்பாட்டைப் பகலுக்கு மாற்றுவது, அதன் பிறகே தகடும் பேட்டரியும் வாங்குவது என்ற வரிசையில் சென்றால், வாங்க வேண்டிய கருவிகளின் அளவே கணிசமாகக் குறையும்.

முதல் படி: மின்சாரம் எங்கே போகிறது என்று அளத்தல்

விடுதியின் மொத்த மீட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. அறைகளின் குளிரூட்டிகள், சமையலறை, சலவையகம், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, நீச்சல் குளம், பணியாளர் குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே துணை மீட்டர் பொருத்தி, குறைந்தது இரண்டு வாரங்களாவது மணிக்கு ஒரு முறை பதிவாகும்படி செய்ய வேண்டும். இவற்றில் பணியாளர் குடியிருப்பைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டிகளும், கதவு சரியாக மூடாத அறைகளில் ஓடும் பழைய ஏசிகளும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன.

இந்தப் பதிவில் மூன்று எண்களை முதலில் பார்க்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு ஓடும் சுமை, அதாவது அந்த நேரத்தில் கருவிகள் சேர்ந்து இழுக்கும் மின்சாரம், எவ்வளவு என்பது முதலாவது. விருந்தினர் உறங்கும் அந்த நேரத்திலும் சுமை அதிகமாக இருந்தால், யாருக்கும் பயன்படாமல் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விருந்தினர் தங்கிய ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பது இரண்டாவது. கூட்டமான மாதத்தையும் வெறிச்சோடிய மாதத்தையும் ஒப்பிட இதுவே நேர்மையான அளவுகோல். மூன்றாவது, ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பது. இது 0.3 லிட்டரை ஒட்டி இருந்தால் கவலையில்லை. 0.4 லிட்டரைத் தாண்டினால், பழுதைத் தேடுவதற்கு முன் அந்த ஜெனரேட்டர் தேவைக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் திறனில் 30 விழுக்காட்டுக்கும் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் எரிபொருள் முழுதாக எரியாது. கரி படிந்து, ஆயுளும் குறையும்.

இரண்டாம் படி: குளிரூட்டலைச் சீர்செய்தல்

வெப்பமண்டலத் தீவு விடுதிகளில் மின்செலவின் மிகப் பெரிய பங்கைக் குளிரூட்டலே எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் இது பாதியைத் தொடுகிறது. ஆகவே இங்கே நேரம் செலவிடுவது வீண்போகாது.

வெப்பம் அறைக்குள் நுழையும் வழிகளை முதலில் அடைக்க வேண்டும். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே வெப்பக்காப்பு, வெள்ளை அல்லது வெளிர்நிறக் கூரைப் பூச்சு, மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புற நிழல் ஆகியவை ஒரு முறை செய்தால் ஆண்டுக்கணக்கில் பலன் தருபவை. கண்ணாடிக்கு உட்புறம் போடும் திரையைவிட வெளிப்புறத்தில் அமைக்கும் தட்டியோ நீண்ட இறவாரமோ பல மடங்கு பயன் தரும். திரையை எட்டும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெயில் அல்லவா?

அடுத்தது பால்கனிக் கதவு. கடல் ஓசையைக் கேட்க விரும்பும் விருந்தினர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஏசியையும் ஓட விடுவது எல்லாத் தீவுகளிலும் நடப்பதுதான். அவர்களுக்கு அறிவுரைப் பலகை வைப்பதைக் காட்டிலும், கதவில் ஒரு காந்தச் சுவிட்சைப் பொருத்தி, கதவு திறந்து ஒரு நிமிடத்தில் ஏசி தானாக நிற்கும்படி செய்வதே உறுதியான வழி. சாவி அட்டையைச் செருகினால் மட்டும் மின்சாரம் வரும் ஏற்பாடும் நல்லதே. ஆனால் விருந்தினர் பழைய அட்டை ஒன்றைச் செருகிவிட்டுப் போய்விடுவதால், அறையில் ஆள் இருப்பதை உணரும் கருவியையும் கதவுச் சுவிட்சையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

காலியான அறையில் ஏசியை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றலாம். ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் அப்படிச் செய்தால் சில நாள்களிலேயே மெத்தையிலும் சுவரிலும் பூஞ்சை பிடித்து, மிச்சமான டீசலைவிட அதிகமாகச் சுத்தம் செய்வதில் செலவாகிவிடும். 28 டிகிரி அளவில், ஈரம் நீக்கும் முறையில், நாளில் சில மணி நேரம் மட்டும் ஓட விடுவது நடுவழி. ஆள் இருக்கும் அறைக்கு 24 முதல் 26 டிகிரி வரை போதும். கூரை விசிறியும் சேர்ந்து சுழன்றால் 26 டிகிரியே பெரும்பாலோர்க்கு இதமாக இருக்கும். நவீன மின்விசிறி 30 வாட் அளவே எடுக்கும். அறை ஏசியோ ஆயிரம் வாட்டையும் தாண்டும்.

உப்புக் காற்று வெளிப்புற அலகின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள அலகுகளையே வாங்கி, மாதம் ஒரு முறை நன்னீரால் கழுவ வேண்டும். உப்பும் தூசும் படிந்த அலகு அதே குளிர்ச்சிக்கு அதிக மின்சாரம் கேட்கும் என்பதை அந்தத் துணை மீட்டரே காட்டிக்கொடுக்கும்.

ஆழ்கடல் அருகிலேயே உள்ள ஒரு சில தீவுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சு பாலினீசியாவின் போரா போரா தீவிலுள்ள ஒரு விடுதி 2006 முதல், ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்திலிருந்து 5 டிகிரி அளவில் குளிர்ந்த கடல்நீரைக் குழாய் வழியே மேலேற்றி, அதைக் கொண்டே கட்டடத்தைக் குளிர்விக்கிறது. கம்ப்ரசருக்கு வேலையில்லை, நீரேற்றும் பம்புக்கு மட்டுமே மின்சாரம் தேவை. கரையை ஒட்டியே கடல் சட்டென ஆழமாகும் இடங்களுக்கும், நூறு அறைகளை நெருங்கும் விடுதிகளுக்கும் மட்டுமே இது கட்டுப்படியாகும் என்பதால், மற்றவர்கள் இதை வியந்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லலாம்.

மூன்றாம் படி: வெந்நீரை இலவச வெப்பத்திலிருந்து பெறுதல்

தண்ணீரைச் சாதாரண மின் ஹீட்டரால் சூடாக்குவது, டீசலை எரித்து மின்சாரமாக்கி, அதை மறுபடி வெப்பமாக்கும் சுற்றுவழி. அதே நேரத்தில் குளிரூட்டிகள் வெளியேற்றும் வெப்பமும், ஜெனரேட்டரின் ரேடியேட்டர் வெப்பமும் வீணாகிக்கொண்டிருக்கும். மையக் குளிரூட்டி உள்ள விடுதியில் அதன் கழிவு வெப்பத்தை மீட்கும் வெப்பமாற்றியைப் பொருத்துவதே முதல் தேர்வு. ஜெனரேட்டர் அன்றாடம் பல மணி நேரம் ஓடுமானால் அதன் குளிர்விப்பு நீரிலிருந்தும் வெப்பம் எடுக்கலாம். ஆனால் சூரிய மின்சாரம் வந்தபின் அந்த ஜெனரேட்டர் குறைவாகவே ஓடும் என்பதால், அதை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

இவை இரண்டும் இல்லாத சிறு விடுதிகளுக்குச் சூரிய வெந்நீர்த் தகடா, வெளிக்காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் ஹீட் பம்பா என்ற கேள்வி எழும். கூரையில் இடம் தாராளமாக இருந்து, நீரில் சுண்ணாம்பு குறைவாக இருந்தால் சூரிய வெந்நீர்த் தகடு எளிமையானது. கூரை குறுகலாக இருந்தால், அந்த இடத்தை மின்தகடுகளுக்கு விட்டுவிட்டு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வரை வெப்பம் தரும் ஹீட் பம்பை நண்பகலில் ஓட்டுவதே என் தேர்வு. எந்த முறையாயினும் தொட்டியில் நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று 45 டிகிரிக்கும் கீழே இறக்கிவிட்டால், நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா தொட்டியிலும் குழாயிலும் பெருகும்.

நான்காம் படி: பம்புகள், குடிநீர், சமையலறை, விளக்குகள்

பம்பின் வேகத்துக்கும் அது எடுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு வியப்பானது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், எடுக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதே காரணம். நீச்சல் குளப் பம்பை முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓட்டுவதற்குப் பதில் பாதி வேகத்தில் 16 மணி நேரம் ஓட்டினால் அதே அளவு நீர் வடிகட்டப்படும், மின்செலவோ கணக்குப்படி நான்கில் ஒன்று. நடைமுறையில் சற்றுக் கூடும் என்றாலும், வேகம் மாற்றும் கருவியின் விலை விரைவிலேயே திரும்பிவிடும். வேறு எதையும் செய்ய முடியாத விடுதிகூட இதை ஒன்றையாவது செய்துவிடலாம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியில் வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை மீட்டுப் பயன்படுத்தும் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ள கருவி ஒரு கனமீட்டர் நீருக்கு 3 முதல் 4 யூனிட் எடுக்கும். இல்லாத பழைய சிறு கருவி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் எடுக்கக்கூடும். நீரே மின்சாரம் என்பதால், நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் போகாத குளியல் தூவிகளும், கசியும் கழிப்பறைத் தொட்டிகளைச் சரிசெய்வதும் மின் சேமிப்பின் கணக்கிலேயே சேரும்.

சலவையகத்தில் அதிவேகப் பிழிவு உள்ள இயந்திரம் உலர்த்தியின் வேலையைக் குறைக்கும்; வெயிலும் காற்றும் கொட்டிக்கிடக்கும் தீவில் கொடியில் உலர்த்த இடம் ஒதுக்காதிருப்பது விந்தைதான். சமையலறையில் குளிர்பதன அறைக் கதவின் ரப்பர் பட்டையையும், கதவுக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தொங்கல்களையும் மாதம் ஒரு முறை சோதித்தாலே போதும். விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றுவது பற்றி இன்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால், வெண்ணிற ஒளி குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் நிலத்தை நோக்கி இழுத்துவிடும் என்பதால், தாழ்வாக அமைத்து மேல்மறைப்பிட்ட ஆம்பர் நிற விளக்குகளையே கடற்புறத்தில் போட வேண்டும்.

ஐந்தாம் படி: பயன்பாட்டை நண்பகலுக்கு மாற்றுதல்

விடுதியின் மின்தேவை மாலை 6 மணிக்குமேல் உச்சத்துக்கு ஏறுகிறது. சூரியனோ நண்பகலில் உச்சத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியை முழுதும் பேட்டரியால் நிரப்ப முயல்வது, பொறியாளருக்கு எளிதாகவும் உரிமையாளருக்குச் சுமையாகவும் முடியும்.

தண்ணீர்த் தொட்டி ஒரு பேட்டரி. வெந்நீர்த் தொட்டியும் ஒரு பேட்டரி. ஐஸ் பெட்டியும் அப்படியே. அவை ஏற்கெனவே விடுதியில் இருக்கின்றன, அல்லது மலிவாக வாங்கக் கூடியவை. கடல்நீர்க் கருவியைக் காலை 9 முதல் மாலை 3 மணி வரை மட்டும் ஓட்டி ஒரு நாள் நீரையும் சேர்த்துவிட, அதற்கேற்பத் தொட்டியின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் அதில் உப்பைப் பிரிக்கும் சவ்வுகளை நன்னீரால் அலசினால் அன்றாடம் நிறுத்தித் தொடங்குவதால் கேடு வராது. உறைகுளிர் அறையை நண்பகலில் வழக்கமான −18 டிகிரிக்குப் பதில் −22 வரை இறக்கிவிட்டால், மாலை உச்ச நேரத்தில் கம்ப்ரசர் நெடுநேரம் ஓய்வெடுக்கும். சலவை, குளத்து வடிகட்டல், மின்படகு, மின்வண்டி ஆகியவற்றுக்கான சார்ஜ் எல்லாமே பகல் வேலைகள். விருந்தினர் கடற்கரையிலிருந்து திரும்பும் முன், 3 மணி முதல் 5 மணிக்குள் அறைகளைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்வித்து வைப்பதும் பயன் தரும்.

உச்சத்துக்கு வரம்பு கட்டுவதும் இதன் பகுதிதான். ஸ்காட்லாந்தின் எக் என்னும் சிறு தீவு 2008 முதல் நீர், காற்று, சூரியன் மூன்றிலிருந்தும் பெறும் மின்சாரத்தில் வாழ்கிறது. அங்கே ஒரு வீடு எந்த நேரத்திலும் 5 கிலோவாட்டுக்கு மேலும், ஒரு தொழிலகம் 10 கிலோவாட்டுக்கு மேலும் எடுக்க முடியாது. விடுதிக்குள்ளும் சலவையகமும் மின்னடுப்புகளும் ஒரே நேரத்தில் இழுக்காதபடி ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியால் முறைவைக்கலாம்.

ஆறாம் படி: தகடுகளின் அளவைக் கணக்கிடுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,200 யூனிட் செலவிடும் விடுதி, யூனிட்டுக்கு 0.3 லிட்டர் என்ற கணக்கில் 360 லிட்டர் டீசல் எரிக்கிறது. மேற்கண்ட படிகளால் 30 விழுக்காடு குறைந்தால் தேவை 840 யூனிட்டாக இறங்கும். வெப்பமண்டலத்தில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால், 150 கிலோவாட் அமைப்பு 600 யூனிட், அதாவது தேவையில் ஏறத்தாழ 71 விழுக்காடு, தரும். தேவையைக் குறைக்காமலே இதே பங்கை எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 215 கிலோவாட் வேண்டியிருக்கும். கூடுதல் 65 கிலோவாட்டுக்கான கூரையே பல தீவுகளில் கிடைக்காது.

ஒரு கிலோவாட்டுக்கு 5 முதல் 6 சதுர மீட்டர் தகட்டுப் பரப்பு தேவை. நடைவழியும் இடைவெளியும் தனி. தென்னை நிழல் விழும் கூரைகளைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள், ஏனெனில் ஒரு கீற்றின் நிழல்கூட ஒரு வரிசைத் தகடுகளின் விளைச்சலைக் குறைத்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சாய்வு பெரிதாக முக்கியமில்லை என்றாலும், மழைநீர் தேங்காமல் அழுக்கு வழிந்தோடக் குறைந்தது 10 டிகிரி சாய்வு வேண்டும். தகடு சூடேறினால் விளைச்சல் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு இழப்பு. ஆகவே கூரையோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட அரையடியாவது விட வேண்டும்.

ஏழாம் படி: உப்புக்கும் புயலுக்கும் தாக்குப்பிடிக்கும்படி அமைத்தல்

தகடு வாங்கும்போது உப்புப் பனி அரிப்புச் சோதனையான ஐஈசி 61701 சான்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். தாங்கு சட்டத்துக்கு ஆனோடைஸ் செய்த அலுமினியமும், திருகுகளுக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகும் ஏற்றவை. இரு வேறு உலோகங்கள் நேரடியாகத் தொடும் இடத்தில் கடல்காற்றின் ஈரம் மின்பகுளியாகி அரிப்பைத் தூண்டுமாதலால், இடையே காப்பு வளையம் இட வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பிகளை ஒன்றோடொன்று செருகுவது தீவிபத்துக்கு வழி.

புயலைப் பற்றிப் படிக்க 2017ஆம் ஆண்டே போதும். இர்மா, மரியா ஆகிய சூறாவளிகள் கரீபியத் தீவுகளைத் தாக்கியபோது சில சூரிய அமைப்புகள் சிதறின, சில அசையாமல் நின்றன. சிதறியவற்றில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட குறை, தகட்டின் விளிம்பை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கவ்விகள். இரண்டு தகடுகளுக்குப் பொதுவான ஒரு கவ்வி கழன்றால் அடுத்த தகடும் தளர்ந்து, வரிசையே சீட்டுக்கட்டாகச் சரிகிறது. தகட்டுச் சட்டத்தின் துளைகளில் நேரடியாகப் போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத நட்டுகளால் முறுக்குவதே தீர்வு. போல்ட்டுகள் சரியான முறுக்கத்தில் உள்ளனவா என்று புயல் பருவத்துக்கு முன் ஆண்டுதோறும் சோதிக்கவும் வேண்டும். ஒப்பந்தக்காரர் இதற்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: பேட்டரியையும் ஜெனரேட்டரையும் இணைத்தல்

பேட்டரியே இல்லாமல் தகடுகளை ஜெனரேட்டரோடு இணைக்கலாம். ஆனால் ஜெனரேட்டரின் சுமை 30 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி ஒரு கட்டுப்பாட்டுக் கருவி சூரிய உற்பத்தியை அடக்க வேண்டியிருக்கும். அதனால் தகடுகளின் பங்கு ஓர் எல்லையைத் தாண்டாது. ஜெனரேட்டரை முற்றிலும் நிறுத்த வேண்டுமானால், மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே நிலைநிறுத்தும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு விடுதிக்குத் திரும்புவோம். காலை 7 முதல் மாலை 6 வரை 395 யூனிட், மாலை 6 முதல் நள்ளிரவு வரை 270, நள்ளிரவு முதல் காலை வரை 175 என்று தேவை பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை உச்சத்தைப் பேட்டரி தாங்கட்டும், இரவில் ஜெனரேட்டர் ஓடட்டும் என்றே பலரும் முதலில் நினைக்கிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்வேன். மாலையில் சுமை அதிகமாக இருக்கும்போது, 60 கிலோவாட் அளவிலான சிறு ஜெனரேட்டர் தன் திறனில் முக்கால் பங்கில் சிக்கனமாக ஓடும். நள்ளிரவுக்குப் பின் சுமை குறைந்து இயந்திரம் வீணாக உறுமும் நேரத்தைப் பேட்டரியிடம் விட்டுவிடலாம். நல்ல வெயில் நாளில் தகடுகள் பகல் தேவையை நிறைவேற்றி, மிச்சத்தால் பேட்டரியையும் நிரப்பிவிடும். அன்றைய டீசல் செலவு 81 லிட்டர். மழை நாளில் இது கூடும் என்றாலும், 360 லிட்டரை நெருங்காது. விருந்தினர்க்கு இரவில் அலையோசை மட்டுமே கேட்கும் என்பது கூடுதல் வரவு.

175 யூனிட் எடுக்க, 90 விழுக்காடு வரை பயன்படுத்தத்தக்க லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 200 யூனிட் கொள்ளளவு வேண்டும். ஆண்டுகளில் ஏற்படும் தேய்மானத்தையும் சேர்த்தால் 230 யூனிட். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் ஆயுள் குறைவதோடு, அறை வெப்பம் 10 டிகிரி ஏறும்தோறும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், வெப்பத் தீவில் அதன் மலிவு நெடுநாள் நிற்காது. பேட்டரி அறை புயலலை எட்டாத உயரத்தில், விருந்தினர் அறைகளிலிருந்து விலகி, தீத்தடுப்புச் சுவரோடு இருக்க வேண்டும்.

முழுக்கச் சூரியனையே நம்பினால் என்ன? அமெரிக்க சமோவாவின் தாஊ தீவில் 2016ஆம் ஆண்டில் 1.4 மெகாவாட் தகடுகளும் 6,000 யூனிட் கொள்ளும் பேட்டரிகளும் நிறுவப்பட்டன; சூரியனே தலைகாட்டாவிட்டாலும் ஏறத்தாழ மூன்று நாள் தாங்கும் வடிவமைப்பு அது. ஊர் முழுவதற்குமான பொது அமைப்புக்கு அது தகும். ஏற்கெனவே ஜெனரேட்டர் வைத்திருக்கும் தனி விடுதிக்கோ, ஆண்டில் சில மழை நாள்களுக்காகப் பேட்டரியை இரண்டு மூன்று மடங்காக்குவது பணத்தைப் பூட்டி வைப்பதாகிவிடும்.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

தகடுகளை அதிகாலையில், அவை சூடேறும் முன், நன்னீரால் கழுவ வேண்டும், கடல்நீர் கூடாது. கடற்பறவைகளின் எச்சம் மழையில் போகாது, கையால்தான் துடைக்க வேண்டும். இன்வெர்ட்டரின் காற்று வடிகட்டியை மாதந்தோறும் சுத்தம் செய்து, இணைப்புப் பெட்டிகளை ஆண்டுக்கு ஒரு முறை வெப்பப் படக் கருவியால் பார்த்தால், தளர்ந்த முனைகள் எரியும் முன்பே தெரிந்துவிடும்.

உதிரிபாகங்களைத் தகடு வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்: ஒரு பெரிய இன்வெர்ட்டருக்குப் பதில் பல சிறிய இன்வெர்ட்டர்கள், அவற்றுள் ஒன்று உறை பிரிக்காமல் அறையில்; உருகிகள், இணைப்பிகள், மின்னல் காப்புக் கருவிகள், பத்துத் தகடுகள். அடுத்த சரக்குப் படகு மூன்று வாரம் கழித்து வரும் இடத்தில், அலமாரியில் இருக்கும் உதிரிபாகம் மட்டுமே உதிரிபாகம். பணியாளர்களில் குறைந்தது இருவருக்கு அமைப்பை நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் கற்றுக்கொடுத்து, அந்த வரிசையைப் படத்தோடு மின்னறைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் கரைக்குச் சென்றிருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.